சென்னையில் ஓடுகிற மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். பீச் ரோட்டில் அரை மணி நேரம் ஓடினாலே டீ-ஷர்ட்டைப் பிழியலாம் போல நனைகிறது, கூட ஓடுகிற பெண்ணுக்கோ நெற்றியில் மட்டும்தான் துளிர்க்கிறது, எனக்கு ஏதோ கோளாறு என்று போனில் சொன்னாய். கோளாறெல்லாம் ஒன்றுமில்லை.

வியர்வை தோல்மேல் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே தருமபுரியில் கோடைக் காற்று வறண்டு கிடக்கும். மதியம் கிரவுண்டில் பிள்ளைகளை ஓடவிட்டால் சட்டை நனைந்த மாதிரியே தெரியாது. அப்புறம் பார்த்தால் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். வந்த வேகத்திலேயே காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் வியர்வை காய வழியில்லை. சொட்டி விழுகிற வியர்வையால் சூடு இறங்காது. இறங்கவில்லையே என்று உடம்பு இன்னும் ஊற்றும்.

அந்தப் பெண் உன்னைவிட ஒல்லி, மெதுவாக ஓடுகிறாள் என்று நீயே சொன்னாய். எடையும் வேகமும் கூடக்கூட உடம்பில் சூடும் கூடும். பரம்பரையும் உண்டு, என் கைக்குட்டையைத் துவைத்த உன் அம்மாவைக் கேள். பயிற்சி ஏற ஏற வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும். என்னிடம் ஓடியவர்களில் கெட்டிக்காரர்கள்தான் முதலில் நனைவார்கள். வெயிலில் தினமும் ஓடினால் 10 முதல் 14 நாளில் உடம்பு பழகிக்கொள்ளும், வியர்வையில் போகிற உப்பும் குறையும்.

எடை குறைய ரெயின்கோட் போட்டு ஓடுகிறாயாமே? யார் சொன்ன யோசனை அது! குறைவது தண்ணீர்தான், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். அந்தப் புழுக்கத்தில் சூடு வெளியேற முடியாமல் மயங்கி விழுவாய். தலை சுற்றினாலோ பேச்சு குழறினாலோ உடனே ஓட்டத்தை விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து, உடம்பில் தண்ணீரை ஊற்றச் சொல். ஓடாத நாளிலும் ராத்திரித் தூக்கத்தில் படுக்கை நனைகிற அளவு வியர்த்தால் டாக்டரைப் பார்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார். அரை கிலோ குறைந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதற்காக லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீராகக் குடிக்காதே, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தாகத்துக்குக் குடி. நீண்ட நேரம் ஓடிய நாளில் உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ போதும்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான். அம்மா கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புகிறாள். அந்த ரெயின்கோட்டை அவனிடமே கொடுத்துவிடு, மழைக்கு எனக்கு ஆகும்.

அப்பா