நீல மூடிக் குழாயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள்

வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மருந்தகம் நடத்தும் மருத்துவர்களுக்கும், அங்கே ரத்தம் எடுக்கும் தாதியருக்கும், மருந்தக உதவியாளர்களுக்கும் வணக்கம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடும் முதியவரின் ஐஎன்ஆர், அறுவை சிகிச்சைக்கு முன் கேட்கும் பிடி, ஏபிடிடி என்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது எனக் காட்டும் சோதனைகளுக்காக நீங்கள் நீல மூடிக் குழாயில் அனுப்பும் மாதிரிகளைச் சோதிப்பவர்கள் நாங்கள். மற்றக் குழாய்களோடு ஒரே பையில் வந்தாலும் நீல மூடிக் குழாயின் போக்கு வேறு. அதைத் தனியாகக் கவனியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் அளவு. 2.7 மி.லி. ரத்தம் பிடிக்கும் குழாயில் 0.3 மி.லி. சோடியம் சிட்ரேட் ஏற்கெனவே இருக்கிறது, அடர்த்தி 3.2 விழுக்காடு. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பதே கணக்கு. ரத்தத்திலுள்ள கால்சியத்தை சிட்ரேட் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் நிற்கிறது. நாங்கள் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரியில் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிறோம். குழாய் பாதிதான் நிரம்பியிருந்தால், மிஞ்சிய சிட்ரேட் நாங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துவிடும். வினாடிகள் கூடும், பிடி வினாடிகளிலிருந்து கணக்கிடும் ஐஎன்ஆரும் ஏறும். அதை நம்பி வார்ஃபரினைக் குறைத்தால் நோயாளிக்கு ரத்தக்கட்டி வரலாம். குறியிட்ட அளவில் 90 விழுக்காடாவது நிரம்பாத குழாயை நாங்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான். நோயாளியை மறுபடி வரவழைப்பது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். தவறான எண்ணைக் கொடுப்பதைவிட அது மேல்.

குறைந்த குழாயை நிரப்பக் குறுக்குவழி கிடையாது. இரண்டு அரைக் குழாய்களை ஒன்றாக ஊற்றினால் சிட்ரேட்டும் இரட்டிப்பாகிறது. ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம்: அதிலுள்ள இடிடிஏ என்னும் உறைவுத் தடுப்புப் பொருள் கால்சியத்தை இறுக்கமாகப் பிடிக்கும். பிளாஸ்மாவைக் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பட்டர்ஃபிளை ஊசியில் எடுக்கும்போது குழாய் குறைவதற்குப் பெரும்பாலும் அதன் குழலிலுள்ள காற்றே காரணம். அந்தக் காற்று முதலில் செருகும் குழாய்க்குள் போய் ரத்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே முதலில் ஒரு வீண் குழாயைச் செருகி, குழல் முழுக்க ரத்தம் வந்ததும் எடுத்துவிட்டு, பிறகு நீலத்தைச் செருகுங்கள். வீண் குழாய் இன்னொரு நீல மூடியாகவோ எதுவும் சேர்க்காத குழாயாகவோ இருக்கட்டும். உறைவைத் தூண்டும் பொருள் பூசிய குழாய் வேண்டாம். ரத்தக் கிருமி வளர்ப்புக் குப்பிகள் இருந்தால் அவை முதலில், அடுத்து நீலம், அதன்பின் மற்றவை. எடுத்த உடனே மூன்று நான்கு முறை மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும். குலுக்கினால் சிவப்பணு உடையும், தட்டணுக்கள் தூண்டப்படும். கலக்காமல் தட்டில் படுக்க வைத்தால் உள்ளே நூலிழைபோல் சிறு கட்டி திரண்டுவிடும். மூடியைத் திறந்து மரக்குச்சியை விட்டுப் பார்க்கும்போது அது குச்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். கட்டி இருந்தால், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜென் என்னும் புரதம் செலவாகியிருக்கும், அந்த மாதிரியில் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இனிக் குளிர்பதனப் பெட்டி. வெளியே 32 டிகிரி வெயில், கூரியர் வருவது மாலையில். கெட்டுவிடுமே என்ற அக்கறையில்தான் உள்ளே வைக்கிறீர்கள். ஆனால் குளிரில், ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஏழாம் உறைவுக் காரணி தூண்டப்பட்டு பிடி நேரம் குறையலாம். எட்டாம் காரணியும் வான் வில்லிபிராண்ட் புரதமும் குறைந்து, இல்லாத ரத்தக்கசிவு நோய் இருப்பதுபோல் காட்டும். குளிர்சாதன அறையின் மேசைமேல், மூடியைத் திறக்காமல், நிமிர்த்தி வைப்பதே சரி: 18 முதல் 25 டிகிரி. பயணத்துக்கு வெப்பம் தடுக்கும் பெட்டி வேண்டும், ஆனால் ஐஸ் பேக் இல்லாமல். மற்ற மாதிரிகளுக்கு ஐஸ் தேவையென்றால் இரண்டு பெட்டிகள் கொடுங்கள்.

நேரம்தான் உங்களால் எளிதில் சரிசெய்யக்கூடியது. பிடி, ஐஎன்ஆர் மாதிரி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் தாங்கும். ஏபிடிடி 4 மணி நேரமே. நோயாளிக்கு ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் தட்டணுக்களிலிருந்து கசியும் புரதம் ஹெப்பாரினை முறித்து, மருந்து போதவில்லை என்று காட்டும். கூரியர் மாலை ஐந்துக்கு வருமென்றால் ஏபிடிடி நோயாளியைக் காலை பத்துக்கு வரச் சொல்லாதீர்கள், மூன்றரைக்கு மேல் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 55 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்குப் பிளாஸ்மா குறைவு என்பதால் வழக்கமான சிட்ரேட் அதிகமாகிவிடும். 60 விழுக்காடு இருப்பவருக்கு அதே குழாயில் 0.2 மி.லி. போதும். முன்கூட்டியே ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் அளவு திருத்திய குழாய் தயார்செய்து தரலாம்.

விண்ணப்பத் தாளில் இரண்டு விவரம் தவறாமல் வேண்டும். ஒன்று, ரிவராக்சபன், அபிக்சபன், டாபிகாட்ரன், வார்ஃபரின் ஆகிய உறைவுத் தடுப்பு மருந்துகளில் எது, கடைசி வேளை எப்போது. மற்றொன்று, ரத்தம் எடுத்த நேரம். ஒட்டுத்தாளில் அச்சாகி வருவது பலசமயம் பதிவு மேசையில் அதை அச்சிட்ட நேரம். நோயாளி அதன்பின் ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருந்திருப்பார். ஊசி குத்திய நேரத்தைப் பேனாவால் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ரத்த உறைவுச் சோதனைப் பிரிவில் பணிபுரிவோர்,
சிங்கப்பூர்