வாரம் ஓர் ஆட்டம் முழுதாக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செஸ் செய்தி என்றாலே யார் வென்றார், எத்தனை புள்ளி, பரிசுப் பணம் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது, அவர் கண்கலங்கிய படம் நான் பார்த்த ஏடுகளிலெல்லாம் வந்தது. எதிரே ஆடிய டிங் லிரன் கடைசி ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தது ஏன் தோல்வியானது என்பதைப் பிள்ளைகளுக்குப் பலகையில் அடுக்கித்தான் காட்ட வேண்டியிருந்தது.

விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஓர் ஆட்டத்தை ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்களின் முறை) பெயரோடு, எல்லா நகர்த்தல்களோடும் வெளியிடுங்கள். அதிக இடம் பிடிக்காது. 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி வெள்ளையில் ஆடியது மொத்தமே 17 நகர்த்தல்தான். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள். ஓப்பனிங், பிலிடோர் டிஃபென்ஸ். மூன்றாவதிலேயே கறுப்பு மந்திரி ஜி4-க்குப் பாய்ந்து வெள்ளைக் குதிரையை நகரவிடாமல் கட்டுகிறது; அடுத்ததில் அதே குதிரைக்காக மந்திரியைக் கொடுக்க வேண்டியதாகிறது. ஏழாவதில் வெள்ளை ராணி பி3-க்கு வந்து எஃப்7, பி7 இரண்டையும் ஒருசேரக் குறிவைக்கிறது. கறுப்பு எஃப்7-ஐக் காக்கிறது. பி7 சிப்பாய் சும்மா நிற்கிறது. நான் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்த இடத்தில் மீதி வரிகளைத் தபால் அட்டையால் மூடிவிட்டு, "வெட்டலாமா?" என்று கேட்பேன். எல்லாக் கையும் உயரும். மார்ஃபி வெட்டவில்லை. வெட்டினால் ஒரு சிப்பாய் லாபம். ஆனால் கறுப்பு பி4-ல் செக் வைத்து ராணிகளை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். அவர் இன்னொரு குதிரையை இறக்கினார். 16-வதில் ராணியையே பலியிட்டு, மிச்சமிருந்த ஒரு யானையும் ஒரு மந்திரியுமாக மேட் வைத்தார். அப்போதும் கறுப்பின் ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் தொடங்கிய கட்டத்தை விட்டு அசையவில்லை.

கைப்பேசியில் ஆயிரம் ஆட்டங்கள் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். பிள்ளை யோசிக்கும் முன்னே என்ஜின் என்ற செஸ் மென்பொருள் விடையைச் சொல்லிவிடும். எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நாளிதழ் நூலகத்திலும் டீக்கடையிலும் கிடைக்கிறது.

முதல் வாரத்துக்கு, 2013-ல் நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸே போட்டியில் ஆனந்த் கறுப்பில் ஆடி அரோனியனை 23 நகர்த்தலில் வென்ற ஆட்டத்தைப் போடலாம்; ஓப்பனிங், செமி-ஸ்லாவ். பலகையின் ஒரு படமும், "அடுத்த நகர்த்தல் என்ன?" என்ற கேள்வியும் போதும். விடையை மட்டும் வேறு பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பண்ருட்டி