அம்மாவின் கிரீன் கார்டும் புதிதாக வந்த நோட்டீஸும்

அன்புள்ள சேகர்,

நலமா? டாலஸில் நாங்கள் நலம். சின்னவளும் காலேஜுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ அனுப்பிய நோட்டீஸைப் பெரிதாக்கி ஒரு வரி விடாமல் படித்தேன். பயப்படாதே. அமெரிக்கக் குடியேற்றத் துறை அம்மாவின் கிரீன் கார்டு விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை. வந்திருப்பது ஆர்.எஃப்.இ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம். நிராகரிக்கப் போகிறோம் என்று எச்சரிப்பது என்.ஓ.ஐ.டி.; அது வேறு, அதற்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள்தான்.

சிக்கல் உன் பிறப்புச் சான்றிதழில். பிறந்தது 1974, பதிந்தது 2009. இத்தனை வருடம் கழித்துப் பதிந்திருப்பதால், நீ அம்மாவின் மகன்தான் என்பதற்கு வேறு ஆதாரமும் கேட்கிறார்கள். நம் காலத்து டி.சி.யில் அப்பா பெயர்தான் இருக்கும், அதை மட்டும் நம்பாதே. பழைய ரேஷன் கார்டு கிடைக்கிறதா என்று ஊரில் தேடச் சொல். நீ பிறந்ததை நேரில் அறிந்த இருவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கு. பெரிய மாமா இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். தங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, உறவு, இது தங்களுக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வை. அது முழுமையானது, சரியானது, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும்.

கிடைத்ததை இப்போது, மீதியை அப்புறம் என்று மட்டும் அனுப்பிவிடாதே. பாதி அனுப்பினால், கையில் இருப்பதை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். அந்த மூல நோட்டீஸை மேலே வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பு. அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. அவகாசமும் நீட்டித் தர மாட்டார்கள்.

இன்னொன்று. கோயில் கொடைக்கு ஊருக்குப் போக அம்மா ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். முதலில் வந்த ஐ-797சி வெறும் ரசீதுதான். அது எந்த உரிமையும் தராது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் பரோல், அதாவது வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே தரும் அனுமதி, கைக்கு வராமல் அவர் நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்.

பத்திரங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. பெயர் எழுத்தும் தேதியும் எல்லாத் தாளிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மணி