பிள்ளைகள் எத்தனை மணிக்கு ரிங் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக்சிங், ஜூடோ, குஸ்தி, சிலம்பம் போட்டிகள் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் கடற்கரை மணலில் பிள்ளைகளுக்கு பாக்சிங் சொல்லிக்கொடுக்கிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். போட்டி நடத்துவதில் உள்ள சிரமம் எனக்குத் தெரியும். மைதானம் பிடிக்க வேண்டும், ரெஃப்ரிகளைக் கூப்பிட வேண்டும், சாப்பாடு, மெடல், ஆம்புலன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். பாதிச் செலவு உங்கள் கைக்காசு. அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். அடுத்த போட்டி வரப்போகிறது, இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் ஒரு போட்டி. 48 கிலோ பிரிவில் எங்கள் பிள்ளை ஒருத்தி. காலை ஏழு மணிக்கு எடை பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கு எழுந்து முதல் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனோம். எடை கூடிவிடக் கூடாது என்று முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவள் சோற்றைத் தொடவில்லை. ராத்திரி வாய் நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் குடித்தாள். தராசு வந்து சேர்ந்தது ஒன்பதரைக்கு. மேடும் பள்ளமுமான சிமெண்ட் தரையில் வைத்தார்கள். ஏறினாள், 48.3. நாலடி தள்ளி வைத்து மறுபடி ஏறச் சொன்னார்கள், 47.8. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் அவள் முகம் செத்துப் பிழைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் பவுட், அதாவது முதல் ஆட்டம், பதினொன்றுக்கு என்றார்கள். பத்தரைக்கே கையில் பேண்டேஜ் சுற்றி வார்ம் அப் முடித்தோம். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவிழ்த்தோம். பன்னிரண்டரைக்கு மறுபடி சுற்றினோம். அப்புறம் குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு. மறுபடி அவிழ்த்தோம். மூன்றாவது தடவை சுற்றும்போது துணி வியர்வையில் ஊறி, கட்டைவிரல் பக்கம் சுருண்டு சுருண்டு வந்தது. "சார், கொஞ்சம் சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள். அடுத்து உன் பேர்தான் என்று நானே தடுத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது. இரண்டு பிஸ்கட் தின்றாள். அவள் பேரைக் கூப்பிட்டபோது மணி 4.40. முதல் ரவுண்டிலேயே கால் நகரவில்லை. முகத்தைக் காக்க வேண்டிய இடது கை இறங்கிக்கொண்டே வந்தது. தோற்றாள். எதிரே ஆடிய பிள்ளை உள்ளூர். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுத்து எழுந்து வந்திருந்தாள். நன்றாகவும் ஆடினாள், அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வார்ம் அப் முடித்து சும்மா உட்கார்ந்தால் இருபது நிமிஷத்துக்குள் தசையில் ஏறிய சூடு நன்றாக இறங்கிவிடும். உடம்பு எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே ஆட்டத்தில் தெரியும். 48 கிலோ பிள்ளைக்கு அது ஒரு லிட்டர்கூட இல்லை. கச்சான் என்கிற வறண்ட மேற்குக் காற்று அடிக்கிற நாளில் தகரக் கொட்டகைக்குள் காத்திருந்தே அந்த ஒரு லிட்டரை விட்டுவிடுவாள். ஓட்டப் பந்தயத்தில் களைத்தால் கடைசியாக வருவார்கள். எங்கள் விளையாட்டில் களைத்தால் தலையில் அடி வாங்குவார்கள். ஆறு மாசம் நான் சொல்லிக்கொடுத்ததை உங்கள் நேரப் பட்டியல் ஒரே மதியத்தில் அழித்துவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் எடை 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியில் ஆட முடியாமல் போனது. நாடே அழுதது. முதல் நாள் மூன்று பேரை ஜெயித்தவர், மறுநாள் காலை மறுபடி தராசில் ஏற வேண்டும் என்பது விதி. அது கடுமையான விதிதான். ஆனால் தராசு எப்போது, பவுட் எப்போது என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு என்ன தின்னலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று அவருடைய ஆட்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கும் தவறிப்போனது. கணக்குப் போடவே வழியில்லாத பிள்ளை என்ன செய்வாள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1997 கடைசியில் அமெரிக்காவில் எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பையன்களுக்குப் புத்தி சொன்னதோடு அங்கே நிறுத்தவில்லை. போட்டி நடத்தும் முறையையே மாற்றினார்கள். வியர்க்க வைக்கும் ரப்பர் உடைகளைத் தடை செய்தார்கள், எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். உடம்பை வற்றவிட்டால் தேறுவதற்கு நேரமில்லை என்று தெரிந்ததும் அப்படி வற்றவிடுவது குறைந்தது. பட்டினி கிடப்பது பிள்ளைகளின் பிடிவாதம் என்று நாமும் பேசுகிறோம். நாம் போடும் நேரமும் அதற்குப் பாதிக் காரணம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. தராசு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் சமதளத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் தாங்களே ஏறிப் பார்த்துக்கொள்ள இன்னொன்று, அதே அளவு காட்டுகிறதா என்று சரிபார்த்து, பக்கத்தில் வையுங்கள். எடை முடிந்ததும் சாப்பாடு கிடைக்கட்டும். பவுட் வரிசையை ஒரு போர்டில் எழுதி, முடிய முடிய அடித்துக்கொண்டே வாருங்கள். தனக்கு முன்னால் ஐந்து பவுட் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை அதற்கேற்ப உடம்பைத் தயார் செய்துகொள்வாள். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை, இறுதிப் போட்டிக்கு முன்னால் வையுங்கள், கூட்டமும் அப்போதுதான் இருக்கும். தீவிலிருந்தும் தொண்டி, சாயல்குடி பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு முந்தின ராத்திரி தங்க ஒரு வகுப்பறை திறந்துவிட்டால் போதும், பாய் நாங்களே கொண்டுவருவோம். சிலம்பப் பிள்ளைகளை உச்சி வெயிலில் வெறுங்காலோடு வரிசையில் நிறுத்துவதையும் தயவுசெய்து விடுங்கள்.

போர்டு பார்த்துக்கொள்ள எங்கள் பழைய பையன்கள் இரண்டு பேரை அனுப்புகிறேன். கணக்கில் கெட்டி, கையெழுத்தும் நன்றாக இருக்கும். நிழலுக்குப் படகுத் தார்ப்பாய் இரண்டு, தண்ணீருக்கு டிரம் இரண்டு எங்கள் ஊரிலிருந்து வரும். எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தங்கச்சிமடம் கரையிலிருந்து ஒரு பாக்சிங் பயிற்சியாளர்