மாரியம்மன் கோயில் திருவிழாக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், இந்தக் கூட்டத்துக்கென்றே வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆத்தா புண்ணியத்தில் இந்த ஆண்டுப் பங்குனி நோம்பியும் நல்லபடியாக நடந்து முடிந்தது. முதல் செவ்வாய் விழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு, அடுத்த செவ்வாய் கோயில் வாசலில் கம்பம் நடுதல், மூன்றாம் செவ்வாய் இரவு தீச்சட்டி ஏந்தும் பூவோடு, புதன் மாவிளக்கும் பொங்கலும், வியாழன் மஞ்சள் நீராட்டு. முறையில் எதுவும் மாறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் கம்பத்தைப் பற்றித்தான்.

கம்பத்துக்கு மூன்று கவையாகப் பிரிந்த வேப்பமரம் வேண்டும். முன்பெல்லாம் பூசாரி காலையில் தோட்டம் காடு பக்கம் போனால் மத்தியானத்துக்குள் மரம் அமைந்துவிடும். இந்த முறை நான்கு நாள் அலைந்தோம். வரப்பில் நின்ற வேம்புகள் வீட்டுமனைக்காக வெட்டுப்பட்டுவிட்டன. மிச்சம் இருந்தவற்றிலும் பலவற்றுக்குக் கிளை நுனியெல்லாம் கருகல். கடைசியில் ஒரு தோட்டத்துக்காரர் தன் கிணற்று மேட்டில் நின்ற மரத்தைக் கொடுத்தார். கோடாலி வைக்கும் முன் அந்த வீட்டு அம்மா மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, "எங்க வூட்டுப் பையன ஆத்தாளுக்கு மாப்பிள்ளையா அனுப்பறோமுங்க" என்றார். கம்பத்தை அம்மனின் புருஷனாகக் கும்பிடுகிற ஊரில் இதைவிட என்ன சொல்ல முடியும்? அந்தக் குடும்பத்துக்கு இந்தச் சபை முன் நன்றி சொல்கிறேன்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். கோயில் வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டபோது கம்பக்குழியை ஒட்டி மண் விடாமல் பூசிவிட்டோம். வேலையை மேற்பார்த்தவன் நான்தான். முதல் இரண்டு நாளும் பெண்கள் கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தளத்திலேயே தேங்கியது. மூன்றாம் நாள் விடிகாலை, இருட்டோடு குடம் எடுத்து வந்த ஒரு பாட்டி வழுக்கி விழுந்தார். அடி பலமில்லை, பித்தளைக் குடத்தின் வாய் நசுங்கிவிட்டது. அன்று காலையிலேயே கடப்பாரை கொண்டு நான்கடிக்கு நான்கடி உடைத்து மண்ணைத் திறந்தோம். மறுநாள் அந்தப் பாட்டி அதே நசுங்கிய குடத்தோடு வந்து ஊற்றினார். தண்ணீர் சொர்ரென்று உள்ளே இறங்கியது. அம்மை போடும் வெயில் காலத்தில் ஆத்தாளையும் மண்ணையும் குளிரவைக்கத்தான் இத்தனை குடம் சுமக்கிறோம். அழகுக்காக அந்த இடத்தை இனி எந்தக் குழுவும் மூடக்கூடாது என்று தீர்மானம் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டத்தை இந்த ஆண்டு இரவு 7 மணிக்கே தொடங்கினோம். 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதால் எடுத்த முடிவு. அது நல்லதாகவே அமைந்தது. தூங்கப் போகாத பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களின் பின்னால் நின்று அடி பழகினார்கள். ஒன்பது இரவும் மேளம் மட்டும்தான். சினிமாப் பாட்டு வேண்டாமென்று இளைஞர்களே ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய நிறைவு.

காப்பு கட்டியவர்கள் இரவு வெளியூரில் தங்கக்கூடாது என்பது நம் முறை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பையன்கள் சிலர் இராத்திரி ஷிப்டுக்குப் பயந்து காப்பே கட்டாமல் ஒதுங்கி நிற்கிறார்கள். ஆசையோடு பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணச் சங்கடமாக இருக்கிறது. அவர்களுக்கு வழி உண்டா என்று பெரியவர்கள் கலந்து பேசிச் சொல்ல வேண்டும்.

மாவிளக்கு முன்பு தெருவுக்கொரு நேரத்தில் வரும். கடைசித் தெரு வந்து சேர்வதற்குள் திரி அணைந்துவிடும். இம்முறை எல்லாத் தெருவும் பிள்ளையார் கோயிலில் கூடி ஒன்றாகப் புறப்பட்டன. இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றி ஏற்றிய விளக்குகள் தட்டுத் தட்டாக ஒரே வரிசையில் வந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அன்னதானம் வாழையிலையில் நடந்தது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் உள்ளே வரவில்லை.

ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் கோயில்களின் கம்பங்கள் விழா முடிவில் பிடுங்கப்பட்டு ஊர்வலமாகப் போய்க் காவிரி சேரும். நமக்கு வாய்க்கால்தான். இந்த ஆண்டு அதில் தண்ணீர் நிறுத்தியிருந்ததால் ஊர்க் கிணற்றில் விட்டோம். மஞ்சள் தண்ணீர்ச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அந்த வெறும் குழியைப் பார்த்துக் கண் துடைத்த பெண்கள் பலர்.

அடுத்து வரும் நோம்பிகளுக்கு மரம் வேண்டும். கோயில் நிலத்தில் பத்து வேப்பங்கன்று வைக்க உத்தேசம். ஆளுக்கொரு கன்றாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். முதல் கன்றுக்கு அந்தப் பாட்டி பெயர் கொடுத்துவிட்டார். மீதி ஒன்பதுக்கும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.

செயலாளர்