நைட்ரிக் ஆக்சைடு பவுடர் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

'நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்' என்று விற்கப்படும் டப்பாக்களில், ரத்தக் குழாயை விரிக்கும் அந்த நைட்ரிக் ஆக்சைடு கிடையாது. இருக்கவும் முடியாது. அது ஒரு வாயு. உடலுக்குள் உருவான சில விநாடிகளிலேயே சிதைந்துவிடும். (சிரிப்பூட்டும் வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடு, அது வேறு.) டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ஆர்ஜினின் அல்லது சிட்ருலின் என்ற அமினோ அமிலம். விழுங்கிய ஆர்ஜினினில் கணிசமான பகுதியைக் குடலும் கல்லீரலுமே உடைத்துவிடுகின்றன. ஆரோக்கியமானவர் உடலில் இந்த மூலப்பொருளுக்குப் பஞ்சமும் இல்லை. அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் நொதி (என்சைம்) எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு முடுக்கப்படுகிறது என்பதே முக்கியம்.

அந்த நொதியை முடுக்குவது ரத்த ஓட்டம். ஓய்வில் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தசைகளுக்குப் போகிறது. கடும் உழைப்பில் இது 80 சதவீதத்தையும் தாண்டும். இந்தப் பாய்ச்சல் ரத்தக் குழாயின் உட்சுவரை உரசும்போது சுவரிலுள்ள நொதி விழித்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. சுற்றியுள்ள மென்தசை தளர்ந்து குழாய் விரிகிறது. தசைநாருக்குள்ளும் இன்னொரு வகை நொதி உண்டு. தசை சுருங்குகையில் கால்சியம் ஏற, அது இயங்கி, நரம்புகள் அந்த இடத்துக் குழாய்களை இறுக்காமல் பார்த்துக்கொள்கிறது. இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காகவே 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

சில வாரங்கள் தொடர்ந்து பயிற்சி செய்தால் உட்சுவர் நொதியின் அளவே கூடுகிறது. கூடவே, நைட்ரிக் ஆக்சைடைத் தின்னும் சூப்பர்ஆக்சைடு (ஆக்சிஜனிலிருந்து உருவாகும், எளிதில் வினைபுரியும் ஒரு பொருள்) குறைகிறது. புகைப்பவரிடமும் கட்டுப்படாத சர்க்கரை நோயாளியிடமும் நடப்பது இதற்கு நேர்மாறு. நொதிக்கான துணைப்பொருள் கெட்டுப்போய், அதே நொதி சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் எவ்வளவு ஆர்ஜினின் கொட்டினாலும் கோளாறு தீராது.

வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடையோ சைக்கிளோ போதும். இரண்டு நாள் எடைப்பயிற்சி. தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம், ரத்த அழுத்தம் சட்டென எகிறும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் ஆதாயம் கரையத் தொடங்கும். ஞாயிறு மட்டும் மூச்சிரைக்க ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிருமிநாசினி மவுத்வாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. பீட்ரூட், கீரைகளிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுபவை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள். அந்த நைட்ரைட், ஆக்சிஜன் குறைந்த தசையில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. காலை மாலை கொப்பளித்து அவற்றைக் கொன்றுவிட்டு, பீட்ரூட் சாறு குடிப்பதில் பயன் குறைவு.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த பூஸ்டரையும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர்கள் சிலர்