விசாரிக்கிறதா, விசாரணையா?

அன்புள்ள ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம். நான் பத்திரிகைக்கெல்லாம் எழுதுற ஆள் இல்ல. போன இதழ்ல, பிள்ளைகளுக்கு உதவி செய்றதுக்கு முன்னாடி அது சாட்சியுள்ள குடும்பமா, அதாவது நல்ல கிறிஸ்தவ நடத்தைன்னு பேரெடுத்த குடும்பமான்னு பாக்கணும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்கள்லா, அத படிச்சதுல இருந்து ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் போன்லயே டைப் பண்ணி அனுப்புறேன். எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்கோங்க.

கட்டுரைக்கு ஆதாரம் யாக்கோபு 1:27. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கிறதும், உலகத்தால் கறைபடாம நம்மள காத்துக்கிறதும்தான் சுத்தமான பக்தின்னு வரும். எழுதினவரு மொத பாதிய ஒரே வரியில முடிச்சுட்டு மிச்ச ரெண்டு பக்கமும் கறைபடாம இருக்கிறத பத்தியே எழுதிட்டாரு. எங்க ஊர்ல "போய் விசாரிச்சியா"ன்னு கேட்டா, காய்ச்சல்ல கெடக்கிறவள பாத்து, கஞ்சி குடிச்சாளா, மாத்திரை வாங்க ஆள் இருக்கான்னு கேட்டுட்டு வந்தியான்னு அர்த்தம். போலீஸ் ஸ்டேஷன்லயும் அதே வார்த்தைதான், அங்க அர்த்தம் வேற. நாம பைபிள் வார்த்தைய வாயில வச்சுக்கிட்டு ஸ்டேஷன் அர்த்தத்துல நடக்குறோமோன்னுதான் எனக்கு.

எதுக்கு சொல்றேன்னா, நானே அப்படி ஒரு விசாரணைக்கு போயிருக்கேன். எங்க சேகரத்துல (பக்கத்து பக்கத்து சபைகள் சேந்தது) ஒரு பிள்ளை, ஆறாங்கிளாஸ், (ஆள் தெரியக்கூடாதுன்னு சிலத மாத்தி எழுதுறேன்) அப்பா தவறிட்டாரு, அம்மா பீடி சுத்துறா. மூணு வருஷமா காணிக்கையில இருந்து ஃபீஸ், நோட்டு, பை எல்லாம் குடுத்துட்டு வந்தோம். இந்த வருஷம் அந்த அம்மா யாரோ ஒருத்தர்கூட குடும்பம் நடத்துறான்னு பேச்சு கெளம்புச்சு. சபை கமிட்டியில இருந்து நாலு பேர் போனோம், பெண்கள் ஐக்கிய சங்கம் சார்பா நானும். போய் பிள்ளைய பாத்தோமா, இல்ல, கொடியில காயுற சட்டை யாருதுன்னு பாத்தோம். அவ மடியில இருந்த பீடித்தட்ட எறக்கி வைக்கக்கூட நேரம் குடுக்காம கேள்விக்கு மேல கேள்வி. பிள்ளை கதவு பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா. சாப்ட்டியான்னு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல. அடுத்த மாசம் உதவி நின்னு போச்சு. மினிட்ஸ் புக்ல "சாட்சி கெட்டபடியால்"னு எழுதியிருக்கு, கீழ என் கையெழுத்தும் இருக்கு.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கு மாசாமாசம் பணம் குடுக்க ஸ்பான்சர் பிடிச்சுக் குடுக்குற கிறிஸ்தவ நிறுவனம் வேர்ல்ட் விஷன், அது தெரியாத ஊர் நம்ம பக்கம் கம்மி. 2014 மார்ச் 24ம் தேதி அதோட அமெரிக்கா கிளை, சட்டப்படி ஒரே பாலின திருமணம் செஞ்ச கிறிஸ்தவங்களையும் இனி வேலைக்கு எடுப்போம்னு அறிவிச்சுது. சபைகளுக்குள்ளயே இதுல ஒத்த கருத்து இல்ல, அத சபைகள் பாத்துக்கட்டும், நாம ஏழைகளுக்காக ஒண்ணா நிப்போம்னு காரணம் சொன்னாங்க. அவ்வளவுதான், பணம் குடுக்குறவங்க பொங்கிட்டாங்க. ரெண்டே நாள்ல, 26ம் தேதியே, தலைவர் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் மன்னிப்பு கேட்டு முடிவ வாபஸ் வாங்கினாரு. அதுக்குள்ள ஏறக்குறைய 10,000 பிள்ளைகளோட ஸ்பான்சர்ஷிப் போயிருச்சு. ஒரு பிள்ளைக்கு மாசம் 35 டாலர், அன்னைக்கு கணக்குல நம்ம காசு 2,100 ரூபா சொச்சம். அந்த முடிவு சரியா தப்பான்னு பேச நான் வரல, எங்க சபையில பத்து பேர்ட்ட கேட்டா பத்து பேரும் தப்புன்னுதான் சொல்வாங்க. சரி, தப்புன்னே இருக்கட்டும். அமெரிக்காவுல ஒரு ஆபீஸ்ல யார வேலைக்கு வைக்கணும்ங்கற சண்டையில, எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளை எந்த பக்கம்? அதுக்கு சண்டை நடந்ததே தெரியாதே. நிறுத்தினவங்கள்ல சில பேர் வேற நிறுவனம் வழியா வேற பிள்ளைக்கு குடுத்திருப்பாங்க, அதையும் சொல்லணும். அந்த பணமும் நேரா பிள்ளை கையில போறது இல்ல, ஊருக்கு பொதுவா தண்ணி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னுதான் போகும், அதனால மறுநாளே பட்டினின்னு நான் பெருசுபடுத்தல. ஆனா கோபம் வந்ததும் கை மொதல்ல போனது பிள்ளையோட உதவிய நிறுத்தத்தான்னு பாருங்க.

இன்னொரு கூத்து, இந்த நிறுவனம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு நெனைச்சா. 1947ல பாப் பியர்ஸ்ங்கற அமெரிக்க ஊழியக்காரர் சீனாவுல பள்ளிக்கூட பிள்ளைங்களுக்கு பிரசங்கம் பண்றாரு. அத கேட்டு ஒரு பொண்ணு வீட்ல போய் நான் இயேசுவ ஏத்துக்கிட்டேன்னு சொல்ல, அப்பா அடிச்சு வெளிய தள்ளிட்டாரு. அங்க இருந்த மிஷனரி டீச்சர் அம்மா அந்த பொண்ண கொண்டாந்து இவர் கையிலயே குடுத்து, இப்ப நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டுச்சு. பாக்கெட்ல இருந்த 5 டாலர எடுத்து குடுத்தாரு, இனி மாசாமாசம் அனுப்புறேன்னு வாக்கும் குடுத்தாரு. 1950ல நிறுவனம். அன்னைக்கு அந்த டீச்சர் குடும்பத்த பத்தி ரிப்போர்ட் எழுதிட்டு வாங்கன்னு சொல்லல.

2017 மார்ச்ல, இதே மாதிரி பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் பிடிச்சு உதவுற கம்பாஷன் நிறுவனம் வெளிநாட்டு பண கட்டுப்பாட்டால இந்தியாவ விட்டு போனப்போ சுமார் 1,45,000 பிள்ளைகளோட உதவி நின்னுச்சு. அப்போ நாம சர்க்கார் பிள்ளைங்க வயித்துல அடிக்குதுன்னு எப்படி எல்லாம் பேசினோம், உபவாச ஜெபம்கூட வச்சோம். நாமளே நிறுத்தினா மட்டும் அதுக்கு பேரு பரிசுத்தம்.

நானும் ஸ்பான்சர் பிள்ளைதாங்க. சின்ன வயசுல, எந்த நிறுவனம்னு வேண்டாம். வருஷா வருஷம் ஒயரம், எடை பாத்து, பெரியம்மா மக ஃபிராக்க எரவல் வாங்கி போட்டு போட்டோ எடுப்பாங்க. போர்டுல எழுதிப்போட்ட லெட்டர பாத்து எழுதணும், "நான் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்". ஒரு தடவ மட்டும் நான் சொந்தமா ஒரு வரி சேத்தேன், கணக்குல 31 மார்க்குதான் எடுத்தேன்னு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு கார்டு வரல, உன் ஸ்பான்சர் மாறிட்டாங்கன்னு சொன்னாங்க. அந்தம்மாவுக்கு வேலை போயிருக்கலாம், செத்தே போயிருக்கலாம், யாரும் சொல்லல. ஆனா எனக்கு காலேஜ் போற வரைக்கும் அந்த 31தான் காரணம். பிறவிக்குருடன காட்டி, இவன் செய்த பாவமோ இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோன்னு சீஷர்கள் இயேசுகிட்ட கேட்டாங்கள்லா, அத வச்சு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். அவனுக்கு கண்ணுதான் தெரியாது, காது நல்லா கேக்கும், அவன் பக்கத்துலயே நின்னுதான் இத பேசினாங்கன்னு கதவு பக்கத்துல நின்ன பிள்ளைய பாத்த பொறவுதான் எனக்கு ஒறச்சுது.

ஒண்ணுமே பாக்காம அள்ளிக்குடுன்னு நான் சொல்லல. பிள்ளைங்க பேர சொல்லி காசு தின்ன ஹோம் எத்தனை இருக்கு, கணக்கு கேட்டே ஆகணும். புதுசா ஒரு ஆம்பள வீட்டுக்குள்ள வந்தா அந்த பொம்பளப்பிள்ளை பத்திரமா இருக்காளான்னு கட்டாயம் பாக்கணும். அப்ப இன்னும் அடிக்கடி போகணும், பிள்ளைட்ட தனியா பேசணும், சந்தேகம்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடணும். நாங்க என்ன செஞ்சோம், பயம் வந்த நேரத்துல அந்த வீட்டுக்கு போறதையே நிறுத்திட்டோம்.

சர்க்கார்கூட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா குடுக்குது. வீட்டுக்கு வந்து பாக்கத்தான் செய்வாங்க, ஆனா வருமானம் கிராமத்துல வருஷத்துக்கு 72,000, டவுன்ல 96,000க்குள்ள இருக்கா, அப்பா இல்லையா, பிள்ளை படிக்குதான்னுதான் கணக்கு. கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேட்டா சொல்வாங்க. எங்க கமிட்டியில ஒருத்தருக்கும் இது தெரியாது, எனக்கே இப்பதான் தெரியும்.

உதவி நின்ன ரெண்டாவது வாரம் அந்த பிள்ளை நாங்க குடுத்த ஸ்கூல் பைய தொவைச்சு காயவச்சு எங்க வீட்டு தார்சாவுல வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டா. போன சனிக்கிழம அத எடுத்துட்டு நானே போனேன், ஃபீஸுக்கு நாங்க மூணு பேர் சேந்து போட்ட பணத்தையும் எடுத்துக்கிட்டு. அவ அம்மா தட்ட எறக்கல, நிமிந்தும் பாக்கல, பணத்த ஜன்னல்ல வைங்கன்னு மட்டும் சொன்னா. எனக்கு அது வேணும்தான். பிள்ளைதான் வந்து பைய வாங்கிட்டு போச்சு. அசனப் பண்டிகை (சபையில எல்லாரும் சேந்து சாப்புடுற விருந்து) முடிஞ்சு கமிட்டி கூடும்போது அந்த மினிட்ஸ் வரிய அடிங்கன்னு கேக்கப் போறேன், ஒத்துக்க மாட்டாங்க, அதுக்கும் ரெடியாதான் போறேன்.

பேர் போடாதீங்க. பிள்ளைய ஊர்ல கண்டுபிடிச்சிருவாங்க.

ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்